கயிறு பிடிப்பவர்

உடலிலே நோய் கண்டால் வைத்தியரை நாடுகின்றோம். காணியிலே வழக்கு எழுந்தால் நியாயவாதியைத் தேடிச் செல்கின்றோம். பிள்ளைக்கு வரன் பார்க்கும்போதோ உறவினர் அனைவரையும் கலந்து பேசுகின்றோம். பணத்தைப் பற்றி மாத்திரம் எவரிடமும் வாய் திறப்பதில்லை. கடன் இருக்கிறதென்று சொன்னால் மதிப்புக் குறையும் என்பது ஓர் அச்சம். சேமிப்பு இருக்கிறதென்று சொன்னால் கைமாற்றுக் கேட்டு வருவார்கள் என்பது மற்றோர் அச்சம். இவ்விரு அச்சங்களுக்கும் நடுவே அகப்பட்ட குடும்பங்கள், தம் வாழ்நாளின் பெரிய முடிவுகளைத் தனியே இருந்து எடுத்துவிட்டு, பின்னர் தனியே இருந்து வருந்துகின்றன.

இக்குறையைத் தீர்ப்பதற்கென ஏற்பட்டதே நிதி ஆலோசகர் என்னும் உத்தியோகம். நம் நாட்டிலும் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் பங்குத் தரகு நிலையங்களிலும் இப்பெயர் தாங்கியோர் பலர் பணியாற்றுகின்றனர். வர்த்தகம் பயிலும் மாணாக்கர், “இத்தொழிலுக்கு என்ன படிக்கவேண்டும்?” என்று நம்மைக் கேட்பதுண்டு. கணக்கியல், பொருளியல், புள்ளிவிபரவியல், வணிகச் சட்டம் ஆகியவற்றைப் படிக்கவேண்டும் என்று விடை கூறுவது எளிது. ஆயின், அவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்தும் பிறர் பணத்தைக் கடலிலே கரைத்தவர் உலகில் உண்டு. ஏட்டுக் கல்விக்கு மேலாக இத்தொழிலுக்கு வேண்டிய அறிவு எது? அதனை அறிந்துகொள்வதற்கு மன்னார்க் கடலோரத்தின் பழைய வரலாறு நமக்கு நல்லதொரு பாடநூலாகும்.

சலாபத்துக் கரை

மன்னாரிலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என ஊர்கள் வரும். அரிப்பிலே கடலை நோக்கிய மேட்டு நிலத்தில் ஒரு பழைய மாளிகை இடிந்து கிடக்கின்றது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்று அழைப்பர். அதனைக் கட்டுவித்தவர், 1798 முதல் 1805 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த பிரெடெரிக் நோர்த் என்பவர். முத்துக் குளிப்பு நடைபெறும் காலத்தில் தங்கியிருந்து மேற்பார்வை செய்வதற்காகவே அம்மாளிகை எழுந்தது. முத்துக் குளிப்பை நம் முன்னோர் சலாபம் என்றனர்.

சலாபம் கூடும் ஆண்டில், ஆளரவமற்ற அந்த மணற்கரை சில வாரங்களுக்குள் ஒரு பட்டினமாக மாறிவிடும். கீழக்கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளியாளர் வருவர். செட்டிமாரும் முஸ்லிம் வணிகரும் பணப்பையோடு வந்து இறங்குவர். ஓலைக் கொட்டில்களும் கடைகளும் வீதிகளும் தோன்றும். ஒவ்வொரு நாளும் கரைக்கு வரும் சிப்பிகள் ஆயிரம் இவ்வளவு என்று ஏலத்தில் விலைப்படும். ஏலம் எடுப்பவன் வாங்குவது முத்தையன்று. வாய் திறவாத சிப்பியை. உள்ளே முத்து உண்டோ இல்லையோ, அது அவன் பாடு. ஓர் இரவிலே செல்வனானவரும் உண்டு. கையிருப்பை இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பியவரும் உண்டு. இவ்வளவு நிச்சயமற்ற ஒரு தொழிலைச் சூழ்ந்து எத்தனை நிச்சயமான ஒழுங்குகளை அக்காலத்தவர் அமைத்திருந்தனர் என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது.

முன்னே பார்த்தல்

முதலாவது ஒழுங்கு, குளிக்கும் முன்னே பார்த்தல். கடலடியில் சிப்பிகள் வாழும் திட்டிற்குப் பார் என்று பெயர். சலாபத்தை அறிவிக்கும் முன்னர், உத்தியோகத்தர் குளியாளரோடு சென்று பார்களைச் சோதிப்பர். சிப்பிகளின் வயது என்ன, செறிவு எவ்வளவு என்று குறிப்பர். நான்கு வயதுக்குக் குறைந்த சிப்பியில் முத்துச் சிறிது. ஆறேழு வயதைக் கடக்கவிட்டாலோ சிப்பி இறந்து, முத்தும் மணலோடு போய்விடும். ஆதலால் காலம் அறிதல் அங்கே உயிர்நாடி. பின்னர், சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்களைத் தேர்ந்த மதிப்பீட்டாளரிடம் கொடுப்பர். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி என்று அவர்கள் கூறிய பின்னரே சலாபம் பற்றிய விளம்பரம் வெளிவரும்.

அம்மதிப்பீட்டாளரின் வேலை வியக்கத்தக்கது. பெட்டி எனப்படும் பத்துச் சல்லடைக் கிண்ணங்கள் அவரிடம் இருக்கும். 20 துளையுடைய கிண்ணத்தில் தங்குவது பெருமுத்து. 30, 50, 80 என்று துளைகள் பெருகி 1000 துளையுடைய கிண்ணம் வரை அவை செல்லும். அளவாற் பிரித்த முத்தை உருட்சியாலும் ஒளியாலும் மீண்டும் பிரிப்பர். குறையற்றது ஆணி, கடைசியிற் கிடப்பது தூள். எடை கூடுந்தோறும் விலை அதனினும் விரைந்து கூடும்; எடையை எடையாற் பெருக்கியே பெறுமதி கணிப்பர். எல்லாவற்றையும் ஒரே கூடையிற் கொட்டி, “மொத்தத்தில் நல்ல முத்து” என்று சொன்னவர் அங்கே ஒருவரும் இலர்.

நிதி ஆலோசகர் பழகவேண்டிய முதற் பழக்கம் இதுவே. தம்மிடம் வருபவரின் பாரை முதலிற் பார்க்கவேண்டும். வருமானம் மாதந்தோறும் வருகின்றதா, பருவந்தோறும் வருகின்றதா? அதனை நம்பி வீட்டில் எத்தனை பேர் இருக்கின்றனர்? ஈடு வைத்த நகை எவ்வளவு? எந்தக் கடனுக்கு எவ்வளவு வட்டி? அடுத்த மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்திற்கு வேண்டிய பணம் எது, பத்தாண்டுகளின் பின் முதுமைக்கு வேண்டிய பணம் எது? இவற்றைச் சல்லடையிட்டுப் பிரிக்காமல், “இதிலே போடுங்கள், நல்ல இலாபம்” என்று தொடங்குபவர் ஆலோசகர் அல்லர், விற்பனையாளர். விற்பனை குற்றமான தொழிலன்று. ஆனால், அதனை ஆலோசனை என்று பெயர் மாற்றி அழைத்தல் ஆகாது.

நிறைந்த ஆண்டும் வெறும் ஆண்டும்

இரண்டாவது பாடம், மன்னார்க் கடல் பெரும் விலை வாங்கிக்கொண்டு கற்பித்த பாடம். 1891 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பதினொரு ஆண்டுகள் சலாபம் இல்லை. சிப்பிகள் மறைந்த காரணத்தை ஆராயுமாறு அழைக்கப்பட்ட ஹேர்ட்மன் என்னும் ஸ்கொட்லாந்து விஞ்ஞானி 1902 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் என்பவர் அவருக்குத் துணையாக இருந்தார். அடுத்த ஆண்டே கடல் கண் திறந்தது. 1903 தொடங்கி 1907 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சலாபம். அவற்றுள் 1905 ஆம் ஆண்டு அக்காலத்தின் பெருவிளைவு ஆண்டு. 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்திற்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது.

அந்த ஒளியிலே பலருடைய கண்கள் கூசின. இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற பெயரில் ஓர் ஆங்கிலக் கம்பனி 1906 ஆம் ஆண்டில் முன்வந்து, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கு முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. கணக்கைப் பார்த்தால் மிக மலிவாகவே தோன்றும். 1905 ஆம் ஆண்டைப் போல ஒரே ஓர் ஆண்டு வாய்த்தாலும் எட்டு ஆண்டுகளின் குத்தகை வந்துவிடும் அன்றோ! ஆனால், 1907 ஆம் ஆண்டோடு பெருஞ்சலாபம் நின்றது. மணல் பெயர்ந்து இளஞ் சிப்பிகளை மூடியது; நீரோட்டம் அவற்றை அள்ளிச் சென்றது; திருக்கை முதலியன தின்று தீர்த்தன. குத்தகைப் பணமோ ஆண்டுதோறும் கட்டவேண்டியிருந்தது. 1912 ஆம் ஆண்டில் கம்பனி கலைக்கப்பட்டது. மீண்டும் ஒரு பெருஞ்சலாபம் காண்பதற்கு 1925 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

எண்ணிப் பார்ப்போம். 1892 முதல் 1925 வரை 34 ஆண்டுகள். அவற்றுள் சலாபம் கண்டவை ஆறு, காணாதவை 28. கம்பனியார் ஆறில் ஒன்றைப் பார்த்துவிட்டு முப்பத்துநான்கிற்கும் கணக்கெழுதினர். அவர்களிடம் விஞ்ஞானம் இருந்தது, மூலதனம் இருந்தது, கணக்கு எழுதத் தெரிந்தவர்களும் இருந்தனர். நிறைந்த ஆண்டிலே வெறும் ஆண்டை நினைவூட்டி, அதனைக் கேட்கவைக்கும் குரல் மாத்திரம் அங்கே வலுப்பெறவில்லை. இத்தோடு துன்பம் முடியவுமில்லை. ஜப்பானில் மிக்கிமோட்டோ முதலானோர் வளர்ப்பு முத்தை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவரவே, 1930 ஆம் ஆண்டளவில் பாரசீகக் குடாவின் முத்துத் தொழிலும் வீழ்ந்தது. சிப்பி கிடைத்தாலும் விலை கிடையாது என்ற நிலையை எந்தப் பாரைச் சோதித்தும் முன்னறிந்திருக்க இயலாது. ஆதலால்தான், சோதனைக்கு மேலாகச் சேமிப்பும் வேண்டியிருக்கின்றது.

இது கம்பனிகளின் கதை மாத்திரமன்று. இன்று பேசாலையிலோ தலைமன்னாரிலோ வங்காலையிலோ வாழும் ஒரு கடற்றொழிலாளர் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். நல்ல பருவத்தில் எட்டு மாதம், மாதம் 60,000 ரூபா; காற்றுக் காலத்தில் நான்கு மாதம், மாதம் 15,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 5,40,000. மாதச் சராசரி 45,000. இக்குடும்பம் தன் வருமானம் 60,000 என்று எண்ணித் தவணைக்குப் பொருள் வாங்கினால் காற்றுக் காலத்தில் நகை ஈட்டுக்குப் போகும்; அல்லது மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்கி, அடுத்த பருவத்து மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க நேரும். 45,000 என்று எண்ணிச் செலவு செய்தால், எட்டு மாதங்களில் மிஞ்சும் 1,20,000 ரூபா, நான்கு மாதங்களில் குறையும் 1,20,000 ரூபாவைச் சரியாக நிரப்பும். கடலும் அதுவே, வள்ளமும் அதுவே, உழைப்பும் அதுவே. வேறுபட்டது கணக்கு ஒன்றே.

இக்கணக்கை மன்னாரின் உழவர் நெடுங்காலமாக அறிவர். அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணையிலே திருப்பிக் கட்டுக்கரைக் குளத்தில் நிறைக்கின்றனர். சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்தே கூட்டம் கூடி முடிவு செய்கின்றனர். ஆசையைக் கொண்டு எவரும் ஏக்கரை வகுப்பதில்லை. அக்குளத்தின் அறிவை வீட்டுக் கணக்கிற்குக் கொண்டுவருவதே ஆலோசகரின் வேலை.

மாதச் சம்பளம் பெறுவோர் தமக்கு வெறும் ஆண்டு இல்லையென்று இருந்துவிடலாகாது. 2022 ஆம் ஆண்டு அதனை நாடு முழுவதற்கும் உணர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. முந்திய ஆண்டில் 100 ரூபாவிற்கு வாங்கிய பொருளுக்கு 170 ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தபோது, வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பிய சிறு வள்ளங்கள் பல கரையிலே கிடந்தன. இரண்டு மூன்று மாதச் செலவைக் கையிலே ஒதுக்கி வைத்திருந்த குடும்பத்திற்கும் அவ்வாறு வைத்திராத குடும்பத்திற்கும் இடையிலுள்ள வேற்றுமை அன்று வெளிப்பட்டது.

கடல் கட்டுவோர்

சலாபத்துக் கரையிலே கடல் கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவது அவர் தொழில். அவர் கரையிலிருந்து மந்திரம் ஓதாவிடில் குளியாளர் நீரில் இறங்கமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோவும் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளார்; மந்திரம் ஓதுவோருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தனர் என்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் இப்பதவி நீடித்தது.

அம்மனிதரை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. ஆழத்தில் இறங்குபவனுக்கு மனத் துணிவு வேண்டும். அதனை அவர் அளித்தார். எனினும், சுறா வந்தாலும் வராவிட்டாலும் அவருடைய பங்கு அவருக்குக் கிடைத்துவிடும் என்பதைக் கவனிக்கவேண்டும். இக்காலத்திலும் கடல் கட்டுவோர் உளர். “மாதம் நூற்றுக்குப் பத்து நிச்சயம், நட்டமே வராது” என்று சொல்பவர் அவ்வினத்தைச் சேர்ந்தவரே. ஒருவர் ஐவரைச் சேர்க்கவேண்டும், அந்த ஐவரும் தலைக்கு ஐவரைச் சேர்க்கவேண்டும் என்று ஒரு திட்டத்தைச் சொல்வார்கள். மாணாக்கர் தாளை எடுத்துப் பெருக்கிப் பார்க்கட்டும். பத்தாம் படியில் 97 இலட்சம் பேரும், பதினோராம் படியில் 4 கோடியே 88 இலட்சம் பேரும் வேண்டும். இலங்கையின் முழுச் சனத்தொகையும் ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சமே. கடைசிப் படியில் நிற்பவர்க்குக் கடலிலும் ஆள் கிடையாது. பிரமிட் திட்டங்களை நம் நாட்டுச் சட்டம் தடுத்திருப்பதன் காரணம் இக்கணக்கே.

நேர்மையான ஆலோசகர் துணிவை விற்பதில்லை, எல்லையைக் காட்டுகின்றார். “இந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று முதலில் பாருங்கள். அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் வைப்புக்குக் காப்புறுதி உண்டு, ஆனால் அதற்கும் வரம்பு உண்டு” என்று சொல்வார். அவ்வரம்பு 2021 ஆம் ஆண்டில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா என உயர்த்தப்பட்டது. ஆயுட்காலச் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில், அதிக வட்டி ஒன்றையே நோக்கி வைக்கும் முதியவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தை உரிய காலத்தில் சொல்பவர் பெரும் புண்ணியம் செய்தவராவார்.

மூன்று குவியல்

1906 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் பணியாற்றிய இளம் உத்தியோகத்தர் ஒருவர் பின்னர் உலகறிந்த எழுத்தாளரானார். அவர் லெனாட் வுல்ஃப். அங்கே அவர் கண்ட பங்கீட்டு முறை இது: குளியாளர் தாம் கொணர்ந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பர். இரண்டு அரசாங்கத்திற்கு, ஒன்று குளியாளருக்கு. ஆனால், எந்த இரண்டை எடுப்பது என்பதை உத்தியோகத்தரே தீர்மானிப்பார். ஆகவே, குவியலைப் பிரிப்பவன் மூன்றையும் சமமாகவே பிரிப்பான். ஒன்றைப் பெரிதாக்கினால் அதுவே கையை விட்டுப் போய்விடும். காவலாளர் பலரை நிறுத்தியும் பெறமுடியாத நேர்மையை, பிரிப்பவன் வேறு, தெரிபவன் வேறு என்ற ஒரு சிறு விதி பெற்றுத் தந்தது.

நிதி ஆலோசனையில் நடைபெறும் கேடுகள் பல, இவ்விரு வேலையும் ஒரே கையில் இருப்பதால் விளைவன. எந்தத் திட்டத்தை விற்றால் தமக்குத் தரகு மிகுதியோ, அத்திட்டமே உங்களுக்கு நல்லது என்று ஒருவருக்குத் தோன்றிவிடும். அவர் பொய்யர் என்பதன்று. மனித மனத்தின் இயல்பு அது. பிரித்தானியா 2012 ஆம் ஆண்டின் இறுதியோடு, முதலீட்டு நிறுவனங்களிடமிருந்து ஆலோசகர் தரகு பெறும் வழக்கத்தை நிறுத்தி, ஆலோசனை கேட்பவரே கட்டணம் கொடுக்கும் முறையை ஏற்படுத்தியது. நாம் செய்யக்கூடியது எளிய ஒரு காரியம்: “ஐயா, இதனை நான் வாங்கினால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்று பணிவோடு கேட்டுவிடுதல். நல்லவர் தொகையைச் சொல்வார். அல்லாதவர் பேச்சை மாற்றுவார். இரண்டும் நமக்கு விடைதான்.

வட்டியிலும் இவ்வாறே குவியலைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 50,000 ரூபா கடன். “நூற்றுக்கு 20 வட்டி”. மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு தவணை என்கிறார்கள். செலுத்துவது 60,000, வட்டி 10,000, கேட்பதற்கு இலேசாக இருக்கின்றது. ஆனால், கடன்காரர் ஆண்டு முழுவதும் 50,000 ரூபாவைக் கையில் வைத்திருக்கவில்லை. மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே செல்கின்றது. குறையும் நிலுவைக்குக் கணித்தால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 35 வீதம். இதனைக் கையொப்பம் இடும் முன்னர் ஒரு தாளில் எழுதிக் காட்டுதல் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமற் போனதால் கண்ணீர் வடித்த தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் மிகப் பலர். 2018 ஆம் ஆண்டில், வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டிய நிலை உண்டாயிற்று.

கயிற்றின் மறுமுனை

குளியாளன் காலிலே கல்லைக் கட்டி இறங்குகிறான். ஏறக்குறைய ஒரு நிமிடம் அவன் உயிர் ஒரு கயிற்றிலே தொங்குகின்றது. அக்கயிற்றை மேலே வள்ளத்திலிருந்து பிடிப்பவர் யார்? பெரும்பாலும் மைத்துனனையே நிறுத்துவர் என்று முத்துக்கரைகளில் வழிவழியாகச் சொல்வர். காரணம் வெளிப்படை. அவன் அயர்ந்தால் அறுவது தன் தமக்கையின் தாலி அன்றோ! திறமைசாலி, பலசாலி என்று தேடாமல், இவனுடைய இழப்பு எவனுக்கும் இழப்பாகுமோ அவனிடம் கயிற்றைக் கொடுத்தார்கள்.

இதே அறிவின் மேல் எழுந்தவை ஐக்கிய நாணய சங்கங்கள். ஜெர்மனியில் ரைபைசன் என்னும் பெரியார் 1860களில் வேளாளர்க்கென வளர்த்த இம்முறை, 1911 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் இலங்கையில் நிலைபெற்றது. தொடக்ககாலச் சங்கங்கள் பலவற்றில், ஒருவர் கடனைக் கட்டத் தவறினால் ஏனைய அங்கத்தவரும் பொறுப்பாளிகள். ஆதலால், கடன் கொடுக்கும் முன்னர் எல்லாரும் கேட்பார்கள்: எதற்குக் கடன்? வலைக்கா, வாணவேடிக்கைக்கா? கேள்வி கேட்பது அவமதிப்பன்று. கயிற்றைப் பிடித்திருக்கிறோம் என்பதன் அடையாளம். சம்பளத்திற்கு வேலை செய்யும் ஆலோசகர் நம் மைத்துனராக முடியாதுதான். ஆயினும், நம் இழப்பைத் தம் இழப்பாக எண்ணும் மனம் அவர்க்கு உண்டா என்பதை அவர் கேட்கும் கேள்விகளிலிருந்து அறியலாம்.

அன்றாட ஒழுக்கம்

இம்மனம் ஒருநாளில் வருவதன்று. அன்றாடப் பழக்கத்தால் வருவது. இத்தொழிலிற் புகவிரும்பும் மாணாக்கர்க்கு ஒரு நாளின் ஒழுக்கத்தைச் சுருங்கச் சொல்வோம்.

காலையில் முதல் அரை மணி நேரம் படிப்புக்கு. மத்திய வங்கியின் அறிவித்தல், திறைசேரி உண்டியல்களின் வட்டி, பொருள்களின் விலை, வரி மாற்றம் ஆகியவற்றை அன்றன்று அறியவேண்டும். நேற்றைய வட்டியைக் கொண்டு இன்றைய ஆலோசனை சொல்லலாகாது. அடுத்து, அன்று வரவிருப்போரின் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்க்கவேண்டும். பெயரையும் பிள்ளைகளின் வயதையும் சென்ற முறை சொன்ன கவலையையும் நினைவிற் கொண்டு பேசுபவரிடமே மக்கள் மறைக்காமல் உண்மை சொல்வர்.

பேசும்போது முதலிற் கேட்டல், பின்னர் சொல்லல். கணவன் மாத்திரம் வந்தால் மனைவியையும் அழைத்து வரச் சொல்லவேண்டும். வீட்டுச் செலவை அறிந்தவர் அவரே. கலைச்சொல்லை அடுக்காமல், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் சொல்லிலே விளக்கவேண்டும். விளங்காத திட்டத்தில் எவரும் பணம் போடலாகாது. நாம் விளங்காததை விற்கவும் ஆகாது. பலமுறை, “இப்போது எதிலும் போடவேண்டாம், முதலில் இந்தக் கடனை அடையுங்கள்” என்று சொல்லவேண்டிவரும். அந்தச் சொல்லால் ஆலோசகருக்கு ஒரு சதமும் வராது. அதனைச் சொல்லும் நாளே அவர் இத்தொழிலுக்கு உரியவராகின்றார்.

மாலையில், அன்று யாருக்கு என்ன சொன்னோம், எதற்காகச் சொன்னோம் என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஆண்டிறுதியில் அதனைத் திருப்பிப் பார்த்தால், தம் கணிப்பு எத்தனை முறை பிழைத்தது என்பது தெரியவரும், செருக்கு அடங்கும். அதன்பின் தம் வீட்டுக் கணக்கையும் எழுதவேண்டும். தம் வரவுக்குள் வாழாதவர் பிறர்க்கு வரம்பு சொல்வது, நீந்தத் தெரியாதவர் கயிறு பிடிப்பதை ஒக்கும்.

ஆலோசகர் ஒருவரைத் தேடிப் பட்டினம் செல்லும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. ஆனால், இத்தொழிலின் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கொப்பி வாங்கி, பன்னிரண்டு மாத வரவையும் செலவையும் எழுதுங்கள். கணக்குத் தெரிந்த மகனையோ மகளையோ பக்கத்தில் இருத்தி, கடன் பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. கடலை நம்பி வாழ்வோர்க்கு அவ்வளவு பொறுமை கூடாதென்று எவரும் சொல்லார்.

மாணாக்கர்க்கு ஒரு சொல். நாளை உங்களிடம் ஒரு கடற்றொழிலாளியோ ஓய்வுபெற்ற ஆசிரியையோ தம் வாழ்நாட் சேமிப்போடு வந்து அமரக்கூடும். அவர்கள் காணாத ஆழத்தை நீங்கள் படிப்பாற் கண்டிருப்பீர்கள். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். பருவம் நன்றாயிருக்கும்போதே காற்றுக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சிலர் கோபித்து எழுந்து போவர், போகட்டும். அவர்களுள் ஒரு குடும்பமாவது அடுத்த காற்றுக் காலத்தில் நகையை ஈடு வைக்காமல் சோறு உண்ணுமாயின், உங்கள் கல்வி பயன் தந்ததென்று கொள்ளலாம்.